இராவுணவுப் படமும் நம் இல்லப் பந்தியும்

ஆயக்குடியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உள்ள கத்தோலிக்க இல்லங்களில் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவது இயேசுவின் திரு இருதயப் படம். அதற்கடுத்து, உணவருந்தும் இடத்துக்கு நேராகச் சட்டமிட்டு மாட்டப்பெற்றிருப்பது பெரும்பாலும் ஆண்டவரின் இறுதி இராவுணவுப் படமாகவே இருக்கும். திருமணப் பரிசாக வந்ததாகவோ, வேளாங்கண்ணித் திருவிழாவிலிருந்து திரும்புகையில் வாங்கியதாகவோ அது இருக்கலாம். விடியுமுன் கொய்யாக் கூடைகளோடு சந்தைக்குப் புறப்படும் தந்தையரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும், எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் அன்னையரும் அதன் நிழலில்தான் உணவு கொள்கின்றனர். ஆயினும் நாள்தோறும் கண்முன் நிற்பதாலேயே அதனை நாம் உற்று நோக்குவதில்லை.

பிள்ளைகளை அழைத்து, படத்தில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள், பதின்மூவர் என்பர். யூதாஸ் யார் என்று கேளுங்கள்; நொடியில் விரல் நீட்டிக் காட்டுவர். எதனைக் கொண்டு அவரை அறிந்தாய் என்று வினவினால் மட்டும் சற்றே தயங்குவர். கறுத்த முகம், கையில் பணப்பை, ஒதுங்கிய தோற்றம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்வர். அந்தத் தயக்கத்திலேதான் இக்கட்டுரையின் பொருள் அடங்கியிருக்கிறது.

விவிலிய நிகழ்ச்சியைச் சொல்லும் ஓவியம் வெறும் அலங்காரம் அன்று. எழுத்தறியாதார்க்கும் அது ஒரு மறைக்கல்வி நூல். எனவே நூலைப் படிப்பது போலவே அதனையும் படிக்கவேண்டும். அவ்வாறு படிப்பதற்கு மூன்று வினாக்கள் போதும். நிகழ்ச்சியின் எந்தக் கணத்தை ஓவியர் தேர்ந்தெடுத்தார்? அக்கணத்தில் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் உணர்ச்சி யாது? அங்கே அதிகாரம் யார் கையில் உள்ளது? முதலிரு வினாக்களை நாம் ஒருவாறு கேட்பதுண்டு. மூன்றாம் வினாவை எழுப்புவார் அரியர்.

மிலான் நகரின் சுவரோவியம்

நம் வீடுகளில் தொங்கும் இராவுணவுப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஒன்றே. இத்தாலி நாட்டு மிலான் நகரில், தொமினிக்கன் துறவியரின் சாந்தா மரியா தெல்லே கிராசியே மடத்து உணவறைச் சுவரில், லியொனார்தோ தா வின்சி 1495-க்கும் 1498-க்கும் இடையே தீட்டிய ஓவியம் அது. ஏறத்தாழ 4.6 மீட்டர் உயரமும் 8.8 மீட்டர் அகலமும் உடையது. ஈரச் சாந்தின்மீது விரைந்து தீட்டும் வழக்கமான முறையை விடுத்து, உலர்ந்த சுவரின்மீது ஆற அமர வரைந்தமையால், தீட்டி முடித்துச் சில ஆண்டுகளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கிற்று. 1652-இல் சுவரில் வாயிலொன்றை வெட்டியபோது ஆண்டவரின் பாதங்கள் இருந்த பகுதி அழிந்தது. 1943 ஆகஸ்டில் நிகழ்ந்த குண்டுவீச்சில் உணவறையின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. மணல் மூட்டைகளால் காக்கப்பட்ட ஓவியச் சுவரோ தப்பி நின்றது. 1978-இல் தொடங்கிய சீரமைப்புப் பணி 1999-இல் நிறைவெய்திற்று. நம் இல்லங்களில் பளிச்சென்று மின்னும் படங்கள், சிதைந்த அம்மூலத்தைப் பிற்கால ஓவியர் தத்தம் கருத்துக்கேற்ப நிரப்பி வரைந்தவையே.

லியொனார்தோ தேர்ந்தெடுத்த கணம் யாது? உங்களுள் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று ஆண்டவர் மொழிந்த மறுநொடி. குளத்தில் எறிந்த கல்லிலிருந்து அலை விரிவது போல, அச்சொல் நடுவிலிருந்து இரு புறமும் பரவுகிறது. பன்னிருவரும் மும்மூவராய் நான்கு குழுக்களாகப் பிரிகின்றனர். இடக்கோடியில் பர்த்தலோமேயு எழுந்தே விடுகிறார். அந்திரேயா இரு கைகளையும் விரித்து உயர்த்துகிறார். பிலிப்பு தம் மார்பின்மீது கைவைத்து, நானா என்று வினவுவதுபோல் குனிகிறார். நம் நாட்டுக்கு நற்செய்தி கொணர்ந்தவர் என நாம் போற்றும் தோமையார், ஆண்டவரின் தோளருகே ஒரு விரலை உயர்த்தி நிற்கிறார். பின்னர் உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தேடப்போவதும் அவ்விரலன்றோ!

இராயப்பரைப் பாருங்கள். சினம் பொங்க அருளப்பரின் பக்கம் சாய்ந்து, காட்டிக்கொடுப்பவன் யார் என்று கேட்கத் தூண்டுகிறார். அவருடைய வலக்கையில் உணவு அறுக்கும் கத்தி ஒன்று, முதுகுப்புறமாக மடங்கித் தெரிகிறது. துரோகியின்மீது அங்கே மிகுந்த சினம் கொண்டவர் அவரே. சேவல் கூவுமுன் மும்முறை மறுதலிக்கப்போகிறவரும் அவரே. அதிகச் சினம் எப்போதும் அதிக உண்மையின் அடையாளம் அன்று என்பதை இவ்வோர் உருவம் உணர்த்துகிறது.

இத்துணைக் கொந்தளிப்புக்கும் நடுவே ஆண்டவர் மட்டும் அமைதியாய் வீற்றிருக்கிறார். யாரையும் அவர் சுட்டவில்லை. கைகள் இரண்டும் மேசையின்மீது விரிந்து, அப்பத்தையும் பாத்திரத்தையும் நோக்கி நீள்கின்றன. குற்றவாளி யாரெனத் தெளிவாய் அறிந்தவர் அவ்வறையில் அவர் ஒருவரே. அறிந்தும் சுட்டாதவரும் அவர் ஒருவரே. அதிகாரம் என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு போலும்.

எதிர்ப்பக்கத்து இருக்கை

லியொனார்தோவுக்கு முந்திய ஓவியர் பலர் யூதாசை எவ்வாறு காட்டினர் என்பதை அறிந்தால், அவர் செய்த மாற்றம் எத்துணைப் பெரிது என்பது விளங்கும். புளோரன்ஸ் நகரில் அந்திரேயா தெல் கஸ்தாஞ்ஞோ 1447-இல் வரைந்த இராவுணவிலும், அதே நகரில் கிர்லாந்தாயோ 1480-இல் வரைந்ததிலும் மற்றவர் யாவரும் மேசையின் அப்புறம் வரிசையாய் அமர, யூதாஸ் மட்டும் தனியனாய் இப்புறம் அமர்த்தப்பட்டுள்ளார். காண்போர் ஐயத்துக்கு அங்கே இடமே இல்லை. தீர்ப்பு எழுதி முடிந்தபின் விருந்து நடப்பது போன்ற காட்சி அது.

லியொனார்தோ அவரை எழுப்பி மற்றவரோடு ஒரே வரிசையில், இராயப்பருக்கும் அருளப்பருக்கும் அருகிலேயே அமர்த்தினார். முகத்தில் நிழல் படிந்திருக்கிறது; கை பணப்பையை இறுகப் பற்றியிருக்கிறது; உடல் சற்றே பின்வாங்குகிறது. ஆயினும் அவரும் பன்னிருவருள் ஒருவர். ஆண்டவர் நீட்டும் அதே பாத்திரத்தை நோக்கி அவருடைய கையும் நீள்கிறது. மத்தேயு நற்செய்தி சொல்வதும் இதுவே. காட்டிக்கொடுப்பவன் ஒருவன் உண்டு என்று கேட்டதும் சீடர்கள் அயலாரைப் பார்த்து விரல் நீட்டவில்லை. ஒவ்வொருவரும் தம்மைக் குறித்தே வினவினர். யார் அவன் என்று தேடுவதற்கு முன், நானோ என்று அஞ்சுவதே அப்பந்தியில் எழுந்த முதல் உணர்ச்சி.

இவ்வோவியம் பற்றிப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கதை ஒன்றுண்டு. ஆண்டவரின் முகத்துக்கு மாதிரியாக அமர்ந்த அழகிய இளைஞனே, ஆண்டுகள் பல கழிந்து தீய வழியில் சீரழிந்தபின் யூதாசின் முகத்துக்கும் மாதிரியாக அமர்ந்தான் என்பது அக்கதை. கேட்போர் உள்ளத்தை உருக்கும் கதைதான். ஆனால் அதற்கு வரலாற்றுச் சான்று எதுவும் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஓவியர் வரலாறு எழுதிய வசாரி என்பார் சொல்வது வேறொன்று. பணி முடியவில்லையே என்று மடத்துத் தலைவர் ஓயாமல் நச்சரித்து, மிலான் கோமகனிடமும் முறையிட்டாராம். யூதாசின் முகத்துக்கு ஏற்ற மாதிரி இன்னும் கிட்டவில்லை. வேறு யாரும் அகப்படாவிடின் இத்தலைவரின் முகமே இருக்கிறது என்று லியொனார்தோ கோமகனிடம் விடை கூறினாராம். கோமகன் நகைத்தார், தலைவர் வாயடங்கினார் என்பர்.

இதுவும் செவிவழி வந்ததாகவே இருக்கலாம். ஆனால் இதிலே ஓர் உண்மை வெளிப்படுகிறது. படத்துக்குப் பணம் கொடுத்தவர் கோமகன். சுவருக்கு உரியவர் மடத்துத் தலைவர். ஆயினும் யூதாசுக்கு எவர் முகம் என்று முடிவு செய்யும் அதிகாரம் தூரிகை ஏந்தியவரிடம் இருந்தது. அவ்வதிகாரத்தை ஒருவர் உண்மையிலேயே பயன்படுத்திய நிகழ்ச்சியைக் காண நாம் இத்தாலிக்குச் செல்லவேண்டியதில்லை. நம் பாரத நாட்டிலேயே அத்தகைய ஓவியம் ஒன்று இருக்கிறது.

கல்கத்தாவில் ஒரு பந்தி

இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தா நகரில், ஆளுநர் மாளிகைக்கு அண்மையில் புனித அருளப்பர் பெயரால் ஓர் ஆலயம் உள்ளது. இது கத்தோலிக்க ஆலயம் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் ஆங்கிலிக்கன் சபையாருக்காக எழுந்தது. நிலத்தை வழங்கியவர் மகாராஜா நவகிருஷ்ண தேவ் என்னும் இந்துப் பெருமகனார். 1784-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அடிக்கல் நாட்டினார். கௌர் என்னும் பழைய தலைநகரின் இடிபாடுகளிலிருந்து கற்கள் கொணரப்பட்டமையால் ஊரார் இதனைக் கற்கோயில் என்றே அழைத்தனர். 1787 ஜூன் 24-ஆம் நாள், அருளப்பர் திருநாளன்று, அர்ச்சிப்பு நடந்தேறிற்று. 1847 வரை அந்நகரின் ஆங்கிலிக்கன் பேராலயமாக விளங்கிய பெருமையும் இதற்கு உண்டு.

இவ்வாலயத்தின் பீடத்துக்கென ஜோஹன் ஜோஃபனி என்னும் ஓவியர் 1787-இல் இறுதி இராவுணவுக் காட்சியைத் தீட்டி வழங்கினார். ஜெர்மானிய நாட்டில் பிராங்பர்ட் நகரருகே 1733-இல் பிறந்து, இங்கிலாந்தில் அரச குடும்பத்தாரையும் நாடக நடிகரையும் வரைந்து புகழ்பெற்றவர் அவர். பொருள் தேடி 1783-இல் கப்பலேறி வந்து, முதலில் கால் பதித்த இடம் நம் சென்னையே. கல்கத்தாவிலும் இலட்சுமணபுரி நவாபின் அவையிலும் பணியாற்றி, 1789-இல் தாயகம் திரும்பினார்.

ஜோஃபனி தம் பந்தியில் அமர்த்தியவர் யார்? அந்நாளையக் கல்கத்தா நகரத்தார்! ஆண்டவரின் முகத்துக்கு மாதிரியாக அமைந்தவர் பார்த்தெனியோ என்னும் கிரேக்கக் குரு. ஆண்டவர் அருகிலுள்ள இளைய அருளப்பருக்கு மாதிரியானவர், காவல்துறை மாஜிஸ்திரேட்டாக நெடுங்காலம் பணியாற்றிய பிளாக்கியர். யூதாசாக உருவானவர் டுல்லோ என்னும் ஏலக்காரர். தம் முகம் யூதாசின் முகமாக ஆலயத்தில் தொங்கப்போவதை அறியாமலே அவர் மாதிரியாக அமைந்தார் என்றும், அறிந்தபின் கொதித்தெழுந்தார் என்றும், வழக்கும் தொடுத்தார் என்றும் கதைகள் வழங்குகின்றன.

ஒரு கணம் அந்த ஆலயத்தில் நாம் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்ப்போம். ஞாயிறு தோறும் கம்பெனியின் உயர் அலுவலர், வணிகர், அவர்தம் குடும்பத்தார் யாவரும் கூடுகின்றனர். எதிரே பீடத்தின்மேல் ஆண்டவரின் இராவுணவு. கண்கள் எதனைத் தேடும்? இவர் இன்னார், அவர் இன்னார் என்று முகங்களை அல்லவா எண்ணிக்கொண்டிருக்கும்! யூதாஸ் யார் என்ற வினாவுக்கு நற்செய்தி தரும் விடை, நானோ என்ற நடுக்கம். அந்த ஆலயத்தில் விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது: அவர்தான், அந்த ஏலக்காரர்தான். மற்ற அனைவரும் நிம்மதியாய் வீடு திரும்பலாம். கம்பெனியின் கருவூலத்தில் கை வைத்துச் செல்வம் குவித்தவர் பலர் வாழ்ந்த நகரில், முப்பது வெள்ளிக்காசின் பழி ஒருவர் தலையில் மட்டும் ஏற்றப்பட்டது.

தூரிகையின் அதிகாரம் இத்துணை வலிமையுடையது. ஒருவரை அப்போஸ்தலராக உயர்த்தவும், மற்றொருவரைத் துரோகியாகத் தாழ்த்தவும், அத்தீர்ப்பை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைநிறுத்தவும் அதனால் இயன்றது. காலத்தால் சிதைந்திருந்த அப்படம் 2010-இல் சீரமைக்கப்பெற்று மீண்டும் ஒளிபெற்றுள்ளது. டுல்லோவின் நற்செயல் எதனையும் இன்று நினைவிற் கொள்வாரில்லை. அவர் யூதாசின் முகம் என்பதே எஞ்சி நிற்கிறது.

நம் நாவும் ஒரு தூரிகையே

தூரிகை ஏந்தாதவராயினும் நாமும் இதனையே செய்கிறோம். தவக்காலத்தில் பாஸ்கு நாடகம் நடக்கும் ஊர்களில், யூதாசாக நடித்த இளைஞனைப் பண்டிகை முடிந்தபின்னும் அப்பெயரால் அழைத்துச் சிரிக்கும் வழக்கத்தைக் கண்டிருக்கிறோம். குடும்பத்திலும் அவ்வாறே. பங்கு பிரித்தபோது மாறுபட்ட தம்பி, வேற்று மதத்தில் மணம் முடித்த மகள், வாங்கிய கடனைத் திருப்பாத மைத்துனன் என்று ஒவ்வோர் இல்லத்திலும் ஒருவருக்கு யூதாசின் முகம் தீட்டப்படுகிறது. ஒருமுறை தீட்டிவிட்டால் அம்முகம் எளிதில் அழிவதில்லை. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அவர் மேசையின் எதிர்ப்பக்கத்திலேயே அமரவேண்டும்.

நம் மொழி வழக்கையும் சற்றே எண்ணிப் பாருங்கள். இராயப்பர், அருளப்பர், தோமையார், யாகப்பர் என்று அப்போஸ்தலர் யாவர்க்கும் மரியாதை விகுதி தந்து பேசுகிறோம். ஆண்டவரை மறுதலித்த இராயப்பரும் நமக்கு அவரே. யூதாஸ் மட்டும் அவன். அவர் செய்த துரோகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை, அது துரோகமே. ஆயினும் அருளப்பர் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை வரிசை மாறாமல் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். ஆண்டவர் எழுந்து, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடரின் பாதங்களைக் கழுவிய வேளையில் யூதாஸ் இன்னும் அறையை விட்டு அகலவில்லை. கழுவப்பட்ட பாதங்களில் அவருடைய பாதங்களும் இருந்தன. ஆண்டவர் அவருக்கும் முன்னே மண்டியிட்டார். அதனாலேயே இக்கட்டுரையில் நாம் அவரை அவர் என்றே குறித்து வருகிறோம்.

தரையில் கிடக்கும் தோல் துருத்தி

ஜோஃபனியின் படத்தில் முகங்களை மட்டும் பார்த்தவர் பாதியைப் பார்த்தவரே. மீதிப் பாதி பொருள்களில் உள்ளது. சுவரில் ஆணியில் தொங்கும் இராயப்பரின் வாள், யூத நாட்டு வாளன்று. அந்நாளில் கல்கத்தாவில் சேவகர்கள் இடையிற் கட்டிய சாதாரண நாட்டு வாள். மேசையருகே நிற்கும் நீர்ப் பாத்திரம், இந்நாட்டு வீடுகளில் வெற்றிலை எச்சில் உமிழ வைக்கும் படிக்கத்தின் வடிவில் அமைந்தது. அதனருகே தரையில் நீர் நிறைந்த தோல் துருத்தி ஒன்று கிடக்கிறது. வட நாட்டில் பிஷ்டி எனப்படும் தண்ணீர்க்காரர் முதுகிற் சுமந்து வீடுதோறும் நீர் ஊற்றும் ஆட்டுத்தோல் பை அது.

தூய காட்சியில் இத்தகைய இழிந்த பொருள்களுக்கு இடமுண்டோ என்று சிலர் முகம் சுளிக்கலாம். இவ்வினா பழையதே. வெனீஸ் நகரில் வெரோனேசே என்னும் ஓவியர் மடமொன்றின் உணவறைக்காக இராவுணவுக் காட்சியைப் பெரியதொரு விருந்தாக வரைந்தார். அதில் நாயும் கோமாளியும் ஜெர்மானியப் படைவீரரும் ஏன் என்று 1573 ஜூலை 18-ஆம் நாள் விசாரணை மன்றத்தார் அவரை வினவினர். மூன்று மாதத்துக்குள் திருத்துமாறு ஆணையும் பிறந்தது. அவர் படத்தை அப்படியே விட்டு, அதன் பெயரை மட்டும் லேவி வீட்டு விருந்து என்று மாற்றிவிட்டார். திருச்சபையின் அலுவலர் ஓவியரைக் கண்டித்ததும், ஓவியர் பெயர் மாற்றித் தப்பியதும் நமக்குச் சொல்வது யாது? புனிதப் படத்தில் யார் இடம்பெறலாம், எது இடம்பெறலாகாது என்பது எக்காலத்தும் அதிகாரத்தைப் பற்றிய வழக்காகவே இருந்துள்ளது.

இப்போது அந்தத் தோல் துருத்தியிடம் மீள்வோம். துருத்தி இருக்கிறது, அதனைச் சுமந்து வந்தவர் படத்தில் இல்லை. கல்கத்தா துரைமார் வீடுகளில் பணியாளர் பலர் இருந்தனர். அவருள் தண்ணீர்க்காரரும் ஒருவர். பந்தியில் கிரேக்கக் குருவுக்கும் நகரத்துப் பிரமுகருக்கும் இடம் கிடைத்தது; நீர் சுமந்தவருக்குக் கிடைக்கவில்லை. அவர் கருவி மட்டும் தரையில் வைக்கப்பட்டது.

நற்செய்தியோ வேறு விதமாகச் சொல்கிறது. பாஸ்கா விருந்துக்கு இடம் தேடிய சீடருக்கு ஆண்டவர் தந்த அடையாளம் யாது? குடத்தில் நீர் சுமந்து வரும் ஒரு மனிதர். அவர் பின்னே செல்லுங்கள் என்பதே கட்டளை. மாற்குவும் லூக்காசும் இதனைக் குறித்துள்ளனர். பெயரில்லாத அந்த நீர் சுமப்பவரே இராயப்பரையும் அருளப்பரையும் மேலறைக்கு வழிகாட்டியவர். அவ்விரவில் யார் பெரியவர் என்று சீடரிடையே வாக்குவாதம் எழுந்ததாக லூக்காஸ் கூறுகிறார். நற்கருணைப் பந்தியிலேயே பதவிச் சண்டை! அதற்கு ஆண்டவர் அளித்த விடையை அருளப்பர் நம் கண்முன் நிறுத்துகிறார். அவர் மேலாடையைக் களைந்தார். பாத்திரத்தில் நீர் வார்த்தார். அடிமையின் வேலையைச் செய்தார்.

ஆகவே கல்கத்தா ஓவியத்தில் ஆண்டவரை எங்கே காண்பது என்று ஒருவர் கேட்பாராயின், நடுவிலுள்ள முகத்தை மட்டும் சுட்டிவிட்டு நாம் அமைய மாட்டோம். கீழே கிடக்கும் துருத்தியையும் சுட்டுவோம். ஜோஃபனி இதனை எண்ணித்தான் வரைந்தாரோ, இந்நாட்டுக் காட்சி என்னும் சுவைக்காக வரைந்தாரோ, அது வேறு. படம் ஓவியரினும் அதிகம் பேசுவதுண்டு. சுவரில் தொங்கும் வாள் இராயப்பர் விரும்பிய அதிகாரம். அவ்வாள் பின்னர் வெட்டியது யாரை? தலைமைக் குருவின் பணியாளராகிய மால்குஸ் என்பவரின் காதையே. வாள் வீசப்படும்போதெல்லாம் முதலில் காயமுறுபவர் பணியாளரே. தரையில் கிடக்கும் துருத்தியோ ஆண்டவர் தேர்ந்த அதிகாரம். ஒரே படத்தில் இரண்டும் இருக்கின்றன. எதனை எடுப்பது என்பது நம்மைப் பொறுத்தது.

நம் பந்தியில் யாருக்கு எந்த இடம்?

அமரும் இடம் அதிகாரத்தின் அடையாளம் என்பதைத் தமிழ்நாட்டுத் திருச்சபையும் கசப்பாகவே கற்றது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்களைக் கொண்டிருந்தது; சாதிக்கொரு கூடம், நடுவே தடுப்புச் சுவர். 1910-இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. கல்லால் ஆன சுவரை இடிப்பதற்கே அத்துணை ஆண்டுகள் ஆயின என்றால், நெஞ்சிலுள்ள சுவரைப் பற்றிச் சொல்வானேன்! யூதாசைத் தனியே அமர்த்திய புளோரன்ஸ் ஓவியங்கள் நம் நினைவுக்கு வரவேண்டிய இடம் இது. அங்கே ஒருவர் செய்த குற்றத்துக்காக அவருக்குத் தனி இருக்கை. இங்கே பிறப்பையே குற்றமாக்கித் தனி இருக்கை.

பெரிய வியாழன் சடங்கிலும் இவ்வினா எழுந்தது. பாதம் கழுவும் சடங்குக்கு ஆண்களையே தேர்ந்தெடுப்பது முறையாக இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று உரோமையிலுள்ள இளைஞர் சிறைக்குச் சென்று, அங்கிருந்தோரின் பாதங்களைக் கழுவினார். அவருள் பெண்களும் இருந்தனர், இசுலாமியரும் இருந்தனர். 2016 ஜனவரியில் வெளியான ஆணையின்படி, இறைமக்கள் அனைவரிலிருந்தும், ஆண் பெண் வேறுபாடின்றி, இச்சடங்குக்குத் தேர்ந்தெடுக்கலாம் என்று விதியே மாற்றப்பட்டது. சிறைக் கைதியின் முன் திருத்தந்தை மண்டியிட்ட அக்காட்சி, யூதாசின் முன் ஆண்டவர் மண்டியிட்டதற்கு நம் காலத்து விளக்கவுரை எனலாம்.

இனி, நம் இல்லத்துக்கு வருவோம். படத்தில் ஆண்டவர் நடுவில் அமர்ந்து பரிமாறுகிறார். அதன் கீழே நம் வீட்டில் பரிமாறுபவர் யார்? பெரும்பாலும் அன்னை, அல்லது மருமகள். அவர் எப்போது உண்கிறார்? எல்லாரும் கை கழுவியபின். நீர் கொணர்பவர் யார்? அவரே. கொய்யாத் தோப்பில் பகலெல்லாம் உடனிருந்து உழைத்த கூலியாளுக்கு நாம் சோறிடும்போது எந்த இடத்தில், எந்தத் தட்டில் இடுகிறோம்? சட்டமிட்ட படம் நம் வீட்டுச் சுவரில் இருப்பது பெருமையன்று. அப்படம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை உணர்வதே பயன்.

வாசக அன்பர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. அடுத்த பெரிய வியாழன் வருமுன் ஒருநாள் மாலை, குடும்பச் செபத்துக்குப் பின், பிள்ளைகளோடு அப்படத்தின் முன் சற்றே நில்லுங்கள். யூதாஸ் யார் என்று கேட்பதைவிட, இப்படத்தில் நீ யாராக இருக்க விரும்புகிறாய் என்று கேளுங்கள். சினந்து கத்தி பற்றிய இராயப்பராகவா, அஞ்சி மார்பில் கைவைத்த பிலிப்பாகவா? படத்தில் இல்லாதவர் யார் என்றும் கேளுங்கள். சமைத்தவர் எங்கே? நீர் கொணர்ந்தவர் எங்கே? பிள்ளைகள் தரும் விடைகள் பெரியோரையும் சிந்திக்க வைக்கும்.

பிறகு, நெடுநாள் நம் பந்திக்கு அழைக்கப்படாத ஒருவர் உறவிலோ அயலிலோ இருப்பாராயின், அவரை ஒருவேளை உணவுக்கு அழையுங்கள். பழைய வழக்கைப் பேசாதீர்கள், விரலும் நீட்டாதீர்கள். வீட்டுத் தலைவரே எழுந்து அவர் கை கழுவ நீர் வார்க்கட்டும். அன்னை அன்று முதல் இலையில் அமரட்டும்.